டிரைவில் வைத்த கோப்பைக் காணோம்: அறிகுறியைப் பார்த்து மீட்கும் வழி

காரைக்குடி செக்காலை ரோட்டில் சின்னதாக ஒரு ஸ்கேன் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள ஊர்களின் பழைய வீடுகளில், பெட்டகத்துக்குள் கிடக்கும் பத்திரங்கள், இசைகுடிமானங்கள் (செட்டிநாட்டுத் திருமண ஒப்பந்தங்கள்), கல்யாணப் படங்கள், பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கிளவுடில், அதாவது கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில், ஏற்றிக் கொடுப்பது என் வேலையில் பாதி. ஏற்றியது காணாமல் போனால் தேடித் தருவது மீதிப் பாதி.

வருகிற எல்லோரும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள்: "எல்லாம் அழிந்துவிட்டது, தம்பி." அந்த ஒரு வாசகத்துக்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால், மீட்கக்கூடிய கோப்பும் போய்விடும். அதனால் அறிகுறி அறிகுறியாகப் பிரித்து எழுதுகிறேன். உங்களுடையது எது என்று பார்த்து நேராக அங்கே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

பதற்றத்தில் மக்கள் செய்வது மூன்று காரியங்கள். செயலியை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவார்கள். கணக்கிலிருந்து வெளியேறித் திரும்ப நுழைவார்கள். 'மீட்புச் செயலி' என்று கண்ணில் படுகிற எதையாவது இறக்குவார்கள். மூன்றுமே வேண்டாம். குப்பைத்தொட்டியைக் காலி செய்யும் பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவோ மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவோ ஓடிக்கொண்டிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். சிங்க் என்று சொல்கிறோமே, அந்த ஒத்திசைவின் குணம் அப்படி: ஓரிடத்தில் சேர்த்ததை எல்லா இடத்திலும் சேர்க்கும்; ஓரிடத்தில் அழித்ததை எல்லா இடத்திலும் அழிக்கும். அழித்த செய்தி இன்னும் போய்ச் சேராத கருவி ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே உங்கள் மூலப்பிரதி. கோட்டையூரிலிருந்து வந்த ஒருவருக்கு அப்படித்தான் கிடைத்தது. பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய டேப்லெட் சார்ஜ் இறங்கி மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. அதன் டிரைவ் செயலியில் அந்தக் கோப்புகளை இணையம் இல்லாதபோதும் பார்க்கும்படி எப்போதோ குறித்து வைத்திருந்தார்கள். வைஃபை எட்டாத இடத்தில் வைத்து டேப்லெட்டை இயக்கி, உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து நகல் எடுத்தோம்.

அடுத்து ஒரு காகிதத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். கோப்பு எந்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தது? கடைசியாக என்று பார்த்தீர்கள்? அதை முதலில் ஏற்றியவர் யார்? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் எல்லோரும் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஆனால் பாதி வழக்குகள் அந்தக் கேள்வியில்தான் தீர்கின்றன.

அறிகுறி: "நான் எதையுமே அழிக்கவில்லை, ஆனாலும் காணோம்"

இப்படிச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் கோப்பு எங்கும் போயிருக்காது.

முதலில் செயலியின் மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொடுங்கள். எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று தெரியும். போன் வாங்கிய கடையில் ஒரு கணக்கு தொடங்கியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் வந்தபோது இன்னொன்று தொடங்கியிருப்பார். வங்கி வேலைக்காக மூன்றாவது ஒன்று இருக்கும். மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். என் கடைக்கு 'அழிந்துவிட்டது' என்று வந்து, இந்த ஒரே தொடுதலில் சிரித்துக்கொண்டு போனவர்கள் ஏராளம். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

கணக்கு சரிதான் என்றால் தேடுங்கள். உங்கள் நினைவில் அது 'அப்பச்சி பத்திரம்'. ஸ்கேன் செய்த இயந்திரம் அதற்குத் தேதியையும் எண்ணையும் சேர்த்து வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருக்கும். எனவே பெயரைத் தட்டாமல், தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் வடிகட்டியைத் திறந்து, கோப்பு வகை பி.டி.எஃப் என்றும், உரிமையாளர் நீங்கள் என்றும் குறித்துத் தேடுங்கள். விரல் தவறி வேறு கோப்புறைக்குள் இழுத்து விடப்பட்டவை இப்படித்தான் அகப்படும். கம்ப்யூட்டரில் திறந்தால், கோப்புறையைத் தேர்ந்தெடுத்து 'ஐ' எழுத்துக் குறியை அழுத்திச் 'செயல்பாடு' என்ற பகுதியைப் பாருங்கள். யார், என்று, எதை நகர்த்தினார்கள் என்ற வரலாறு அங்கே இருக்கும். பேரேட்டைப் புரட்டுவது போலத்தான்.

கம்ப்யூட்டரின் முகப்புத் திரையே காலியாகிவிட்டது என்றால் அது வேறு கதை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் காப்பெடுக்க ஒன்டிரைவுக்கு அனுமதி கொடுத்தால், அந்த மூன்றும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் குடிபெயர்ந்துவிடும். பிறகு யாராவது அந்தக் காப்பை நிறுத்தினால், கோப்புகள் அங்கேயே தங்கிவிடும். முகப்பு வெறிச்சோடிக் கிடக்கும். ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்து உள்ளே இருக்கும் டெஸ்க்டாப் கோப்புறையைப் பாருங்கள். மொத்தமும் அங்கே இருக்கும்.

பயனர் கையில் எந்தத் தவறும் இல்லாமல் காணாமல் போவது அரிது. ஆனால் நடக்காததில்லை. 2023 நவம்பரில் கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவ் செயலி வைத்திருந்த சிலருக்குப் பல மாதக் கோப்புகள் தென்படவில்லை. கூகுள் அதை ஒப்புக்கொண்டு, பிறகு செயலியின் புதிய பதிப்பில் மீட்கும் வழி கொடுத்தது. அதற்கு முன்பே அவர்கள் சொன்ன முதல் அறிவுரை: கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலியின் தரவுக் கோப்புறையை அழிக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். நான் மேலே சொன்னதும் அதுவேதான்.

அறிகுறி: "நானேதான் அழித்தேன்"

ஒப்புக்கொள்பவர்களுக்கு வைத்தியம் எளிது. டிராஷ் அல்லது பின் என்று எழுதியிருக்கும் குப்பைத்தொட்டிக்குள் போய், கோப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, மீட்டெடு என்பதைத் தொடவேண்டும். இருந்த இடத்துக்கே திரும்பும். இருந்த கோப்புறையும் போயிருந்தால் 'எனது டிரைவ்' பகுதியில் போய் விழும். வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கே கணக்கு நாள்களில். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள். 2020 அக்டோபருக்கு முன்பு நாமாகக் காலி செய்யும்வரை கிடக்கும். அந்தப் பழக்கத்தில் 'அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் பலர் ஏமாந்தார்கள். கூகுள் போட்டோஸ் தொட்டியில், கிளவுடில் ஏறிய படத்துக்கு 60 நாள். ஏறாமல் போனில் மட்டும் இருந்த படத்துக்கு 30 நாள். தனிநபர் ஒன்டிரைவ் 30 நாள். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த ஒன்டிரைவ் என்றால் வழக்கமாக 93 நாள். ஐகிளவுட் டிரைவ் 30 நாள். இலவச டிராப்பாக்ஸ் 30 நாள்.

இந்த நாள்களை நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. தனிநபர் ஒன்டிரைவின் தொட்டி நிரம்பிவிட்டால் பழையவை 3 நாளிலேயே போகத் தொடங்கும்.

அறிகுறி: "போனில் இடம் இல்லை என்று நீக்கினேன், எல்லா இடத்திலும் போய்விட்டது"

ஆத்தங்குடியில் தளக்கல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். அவர் போனில் இருந்தவை தாத்தா காலத்து வடிவங்களின் படங்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வடிவ அச்சை அதனுள் இறக்கி, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்குவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி வெயிலில் காய்வதுதான். அச்சு உடைந்துபோன வடிவங்களுக்கு, யார் வீட்டு வளவு (நடு முற்றம்) தரையிலாவது எடுத்த படம் மட்டுமே மிச்சம். அப்படிப்பட்ட நானூறு சொச்சம் படங்களை அவர் போனில் இடம் பிடிக்கிறது என்று நீக்கிவிட்டார். 'கிளவுடில்தான் இருக்கிறதே' என்ற தைரியம்.

அவர் நீக்கியது கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளிருந்து. அங்கே குப்பைத்தொட்டிக் குறியைத் தொட்டால் போன், கிளவுட், வீட்டு டிவி என்று அந்தக் கணக்கு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போகும். போனில் மட்டும் இடம் காலியாகவேண்டும் என்றால் தொடவேண்டியது வேறொன்று: அதே செயலியில் கணக்குப் படத்தைத் தொட்டால் வரும் 'இடத்தைக் காலியாக்கு' என்ற வசதி. அது கிளவுடில் ஏறிவிட்ட படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும். இரண்டு பொத்தான்களுக்கும் பெயரில் பெரிய வித்தியாசம் இல்லை. விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அவர் வந்தபோது 41 நாள் ஆகியிருந்தது. படங்கள் கிளவுடில் ஏறியவை என்பதால் 60 நாள் கெடு இருந்தது. எல்லாம் வந்தன, ஆல்பங்கள் உட்பட. ஏறாமல் போனில் மட்டும் இருந்திருந்தால் 30-ஆம் நாளே முடிந்திருக்கும். அவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது, அதிர்ஷ்டம் மட்டும் இருந்தது.

போட்டோஸின் தொட்டியில் இல்லையென்றால் போன் நிறுவனத்தின் கேலரி செயலியையும் திறந்து பாருங்கள். பல போன்களில் அதற்கென்று தனித் தொட்டி உண்டு. 'காப்பகம்' என்ற பகுதியையும் பாருங்கள். அங்கே போட்டால் படம் முதன்மைப் பட்டியலில் தெரியாது, ஆனால் அழியாது. அப்புறம் ஒன்று: 2019 ஜூலையிலிருந்து கூகுள் போட்டோஸும் கூகுள் டிரைவும் தனித்தனி. போட்டோஸில் தொலைத்ததை டிரைவில் தேடுவது காரைக்குடியில் தவறவிட்ட குடையைத் தேவகோட்டையில் தேடுவதுதான்.

அறிகுறி: "பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான கோப்புறையில் இருந்தது"

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அதிகம் வருவது இதுதான். சண்டையில் முடிவதும் இதுதான்.

செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பும், பட்டாலை என்ற கூடமும், வளவும் எல்லோருக்கும் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி, சாவியும் அவரவரிடம். கூகுள் டிரைவில் பகிர்ந்த கோப்புறையும் அப்படித்தான். கோப்புறை வளவு மாதிரி. அதற்குள் யார் ஏற்றினாரோ அந்தக் கோப்புக்கு அவர்தான் உரிமையாளர். வளவில் கிடக்கும் பெட்டியை யார் வேண்டுமானாலும் வெளியே தள்ளலாம். ஆனால் பெட்டி உரியவருடையது, அது உரியவர் பக்கம்தான் போகும்.

எனவே பொதுக் கோப்புறையில் ஒரு கோப்பு காணாமல் போனால் மூன்று விதம் உண்டு. உரிமையாளர் அல்லாத ஒருவர் நீக்கியிருந்தால் கோப்பு அழியவில்லை. உரிமையாளரின் கணக்கில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. அவர் தன் கணக்கில் உரிமையாளர் 'நான்' என்று வடிகட்டித் தேடவேண்டும். உரிமையாளரே நீக்கியிருந்தால் அவருடைய குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அவர்தான் மீட்கமுடியும், நீங்கள் உங்கள் தொட்டியில் எவ்வளவு துழாவினாலும் கிடைக்காது. கோப்புறையையே அதன் உரிமையாளர் நீக்கியிருந்தால், உள்ளே நீங்கள் ஏற்றியவை உங்கள் கணக்கில் வீடில்லாமல் அலையும்; மேலே சொன்ன தேடலில் அவையும் அகப்படும்.

உரிமையாளர் தொட்டியில் போட்ட கோப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. முழுதாக அழியும்வரை, பகிர்வு பெற்றவர்கள் அதைத் திறக்கவும் நகல் எடுக்கவும் முடியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய இணைப்பு கிடக்கும். மேலே உருட்டி, அதைத் தொட்டு, திறந்தால் உடனே ஒரு நகல் எடுங்கள். மற்ற பேச்செல்லாம் பிறகு.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். போனை மேசைமேல் குப்புற வைத்தார். அதன் முகத்தில் விழிக்க விருப்பமில்லாதது போல. வீட்டுப் பத்திரம், பாகப்பிரிவினை, மாமியாருடைய இசைகுடிமானம் எல்லாம் ஒரே கோப்புறையில், ஆறு வீட்டுக்காரர்களுக்குப் பகிர்ந்து வைத்திருந்தார்கள். இப்போது கோப்புறை காலி. சென்னையில் இருக்கும் கொழுந்தனார் மகன்தான் வேண்டுமென்று அழித்துவிட்டான் என்று ஆச்சி முடிவே கட்டிவிட்டார். பேச்சுவார்த்தையும் நின்று இரண்டு வாரம் ஆகிறது என்றார்.

கம்ப்யூட்டரில் திறந்து செயல்பாட்டுப் பகுதியைப் பார்த்தேன். நீக்கியவர் பெயர் அங்கே இருந்தது. திரையை ஆச்சி பக்கம் திருப்பினேன். ஆச்சியின் பெயர்தான். பிற்பகல் 3 மணி 12 நிமிடம். போனில் இடம் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்ததால், 'என் போனிலிருந்து மட்டும்' என்று நினைத்து ஒவ்வொன்றாக நீக்கியிருக்கிறார்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?" என்றார்.

அது என் தொழில் இல்லை என்பதால் மீட்கும் வேலையைப் பார்த்தேன். ஆச்சி தானே ஏற்றியவை அவருடைய தொட்டியிலேயே இருந்தன, 26-ஆவது நாள். மீட்டெடுத்தேன். மற்றவை சிங்கப்பூரில் இருக்கும் மகனும் அந்தக் கொழுந்தனார் மகனும் ஏற்றியவை. அவரவர் கணக்கில் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் அதற்குப் போன் போட்டுப் பேசவேண்டும். கடை வாசலில் நின்றபடி கொழுந்தனார் மகனிடம் ஆச்சி பேசினார். முதல் ஐந்து நிமிடம் கோப்பு பற்றிய பேச்சே இல்லை; அவனுடைய மகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி இப்படி நேராமல் இருக்க, பொதுக் கோப்புறையில் எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுக்காதீர்கள். இரண்டு பேருக்கு அது போதும். மற்றவர்களுக்குப் பார்வையாளர் உரிமை. பார்வையாளர் தன் விருப்பத்துக்குப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம்; பொதுவிலிருந்து எதையும் நீக்கமுடியாது.

அறிகுறி: "கோப்பு இருக்கிறது, உள்ளே இருந்தது இல்லை"

மொய்க் கணக்கை நோட்டில் எழுதுவதோடு கூகுள் ஷீட்ஸிலும் ஏற்றிவைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு நெடுவரிசையில் பெயர், அடுத்ததில் ஊர், அடுத்ததில் தொகை. யாரோ ஒருவர் பெயர்களை அகர வரிசைப்படுத்த நினைத்து, பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிடுகிறார். பெயர்கள் இடம் மாறுகின்றன, தொகைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. 501 ரூபாய் எழுதியவர் பெயருக்கு நேராக 5,001. தாய்மாமன் பெயருக்கு நேராக 101. அழிந்தது ஒரு எழுத்துக்கூட இல்லை, ஆனால் கணக்கு மொத்தமும் போயிற்று. அடுத்த கல்யாணத்தில் இதை வைத்துத் திரும்ப மொய் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குப்பைத்தொட்டியில் இதற்கு மருந்து கிடையாது. கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து, மேலே 'கோப்பு' பட்டியலில் 'பதிப்பு வரலாறு' என்பதைத் திறங்கள். தேதியும் நேரமும் போட்டுப் பழைய நிலைகள் வரிசையாக நிற்கும். குழப்பம் நடப்பதற்கு முந்தைய நிலையைத் தேர்ந்தெடுங்கள். அவசரப்பட்டு 'மீட்டமை' என்பதை அழுத்தாதீர்கள். குழப்பத்துக்குப் பிறகு புதிதாக எழுதிய மொய் ஏதாவது இருந்தால், மீட்டமைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். பழைய நிலையைத் தனி நகலாக எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புதிய வரிகளை மட்டும் சேர்த்துக்கொள்வதே என் வழக்கம்.

பி.டி.எஃப், வேர்டு, படம் போன்றவற்றுக்குக் கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்தால் பதிப்புகளை நிர்வகிக்கும் வசதி வரும். அதே கோப்பின் புதிய பதிப்பாக ஏற்றியிருந்தால் பழையவை 30 நாளோ 100 பதிப்போ ஆகும்வரை இருக்கும். தனிநபர் ஒன்டிரைவில் கடைசி 25 பதிப்புகள் வரை திரும்ப எடுக்கலாம்.

அறிகுறி: "பெயர் தெரிகிறது, திறக்க மறுக்கிறது"

கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகப் படம் இருந்தால் அது கிளவுடில் மட்டும் இருக்கிறது. இணையம் வந்தால் திறக்கும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் உரிமையாளர் உங்களை எடுத்துவிட்டார், அல்லது நீங்கள் வேறு கணக்கில் நிற்கிறீர்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: "குப்பைத்தொட்டியும் காலி"

இதற்கு முக்கியக் காரணம் கூகுளின் 15 ஜி.பி. இலவச இடம். டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றும் அதற்குள் அடங்கவேண்டும். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் காப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. டிரைவின் தொட்டியில் கிடப்பதும் இடத்தைப் பிடிக்கும். இடம் நிரம்பியதும் எச்சரிக்கை வர, பெரிய கோப்புகளைத் தேடி அழித்து, கையோடு தொட்டியையும் துடைத்துவிடுவார்கள். வீட்டில் பெரிய கோப்பு எது? கல்யாண வீடியோ.

தொட்டி காலியாகிச் சில நாள்தான் ஆகிறது என்றால், கூகுள் டிரைவின் உதவிப் பகுதியில் அழிந்த கோப்பை மீட்டுத் தரும்படி வேண்டுகோள் வைக்கலாம். உரிமையாளர் கணக்கிலிருந்து வைக்கவேண்டும். உத்தரவாதம் கிடையாது, ஆனாலும் அன்றே வையுங்கள். கல்லூரியோ நிறுவனமோ கொடுத்த கூகுள் கணக்கு என்றால் நிலைமை மேல்: தொட்டியைக் காலி செய்து 25 நாளுக்குள் அங்குள்ள நிர்வாகி மீட்டுத் தர முடியும். படிப்பு முடிந்து மாணவர் கணக்கையே நீக்கிவிட்டால், 20 நாளுக்குள் கணக்கையும் அவரால் திரும்ப எழுப்பமுடியும். ஆய்வேட்டைக் கல்லூரிக் கணக்கில் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வையுங்கள். நிர்வாகியிடம் போகக் கூச்சப்பட்டு ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து பயனில்லை.

அதுவும் கடந்துவிட்டால், அந்தக் கோப்பு வேறு எங்கே பயணம் போனது என்று யோசியுங்கள். வக்கீலுக்கோ வங்கிக்கோ அனுப்பியிருந்தால் ஜிமெயிலின் அனுப்பியவை பகுதியில் இணைப்பாக இருக்கும். வாட்ஸ்அப்பில் போயிருந்தால், போனின் ஃபைல்ஸ் செயலியில் வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ் கோப்புறையிலும், அதற்குள் அனுப்பியவற்றுக்கான தனிக் கோப்புறையிலும் பாருங்கள். கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் மறந்துபோன நகல் கிடப்பது மிகச் சாதாரணம். ஸ்கேன் செய்த கடைக்காரரிடமும் கேளுங்கள்.

மெமரி கார்டிலிருந்து அழிந்த படம் என்றால், கார்டை உடனே கழற்றிவிடுங்கள். அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் நிறைய மீட்கலாம். போனின் உள் நினைவகத்திலும் எஸ்.எஸ்.டி. வைத்த கம்ப்யூட்டரிலும் அந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. அழித்த இடத்தை அவை தாமே துடைத்துக்கொள்ளும்.

எதற்கு எவ்வளவு மெனக்கெடுவது என்பதையும் பாருங்கள். பதிவான பத்திரத்தின் ஸ்கேன் போய்விட்டதா? அழவேண்டாம். பதிவுத்துறையில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் எடுக்கலாம். இசைகுடிமானத்துக்கும் ரங்கூன் கடிதத்துக்கும் அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. ஒரு வாரம் செலவழித்தாலும் அவற்றுக்குச் செலவழியுங்கள்.

'உங்கள் கோப்பை மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது போனில் அழைத்து ஓ.டி.பி. கேட்டால் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அறிகுறி: "கணக்குக்குள்ளேயே போக முடியவில்லை"

கடவுச்சொல் மறந்து, பழைய போன் எண்ணும் போய்விட்ட நிலை. என்னிடம் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன், காரணம் இருக்கிறது. கணக்கு மீட்பின்போது வழக்கமாகப் பயன்படுத்திய கருவியும் வழக்கமான இடமும் கூகுளுக்கு அடையாளம். என் கடைக் கம்ப்யூட்டரில் முயன்றால் அது உங்களை அந்நியராகப் பார்க்கும். வீட்டில், பழகிய போனில், வீட்டு வைஃபையில் முயலுங்கள். நினைவிருக்கும் பழைய கடவுச்சொல்லைக் கொடுங்கள். பக்கத்தில் வந்தால்கூடப் பயன் உண்டு.

இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்த தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. ஸ்கேன்களுக்கென்றே தனிக் கணக்கு தொடங்கியவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்காவது உள்ளே போய்விட்டு வாருங்கள்.

கணக்குக்காரர் இறந்துவிட்டால், அவர் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பூட்டிவிடாதீர்கள். இறந்தவரின் கணக்கு குறித்து நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கக் கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது; இறப்புச் சான்றிதழ் தேவைப்படும். எல்லாத் தரவும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இருக்கும்போதே செய்யக்கூடியது செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பு. 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை ஒரு காலத்தைக் குறிக்கலாம். அவ்வளவு நாள் கணக்கில் அசைவு இல்லையென்றால், நீங்கள் குறித்துவைத்தவர்களுக்குச் செய்தி போகும். டிரைவில் இருப்பதை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம்.

பள்ளத்தூர்ப் பெரியவர் ஒருவருக்கு அதைச் செய்துகொடுத்தேன். பத்துப் பேர் வரை பெயர் சேர்க்கலாம் ஐயா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பத்தா? எங்கள் வீட்டில் பதினேழு புள்ளியப்பா" என்றார்.